புத்தாண்டின் முதல் மூன்று நாள்

தாம் கோக்,
பதினோராம் மாதக் கடைசி

அன்பு மகள் மியெனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், உன் தம்பி டாத்தும் அவன் மனைவி லுவாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அடுப்பு பற்றவைத்துச் சமைக்கிறாயா, அல்லது ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறாயா? பிர்னோவில் பனி விழத் தொடங்கிவிட்டதென்று டாத் கைபேசியில் பார்த்துச் சொன்னான். வாசல் பனியை ராதிம்தான் வழித்துத் தள்ளுவார் என்று முன்பு நீ எழுதியிருந்தாய், இப்போது யார் தள்ளுகிறார்கள் என்று தெரியவில்லை. டாத்தின் நண்பன் ஒருவன் பிராகுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். அப்போதெல்லாம் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நானும் எதை முதலில் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று குழம்பி, அங்கே குளிரா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் வரிசையாக வரும் என்று உட்கார்ந்தேன். முதலில் எழுதியது வரிசையாகத்தான் வந்தது, ஆனால் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் எனக்குத் தைரியம் போய்விடும். டெட் புத்தாண்டுக்கு ஊருக்கு வருகிறேன், அந்த முதல் மூன்று நாள் மட்டும் இங்கே பிர்னோ வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாதப்பா என்று போன தடவை தொலைபேசியில் நீ சொன்னாய். உன் அம்மா கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், நான் உன்னிடம் பார்க்கலாம் என்றேன். அந்தப் 'பார்க்கலாம்' உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நடந்தது இதுதான். கணவனை இழந்து துக்கத்தில் இருப்பவள் நீ, ஆண்டின் முதல் நாட்களில் துக்கம் வாசலேறினால் வீட்டுக்குக் கெடுதல், அந்த மூன்று நாளும் இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம், நான்காம் நாள் முன்னோருக்குக் காகிதம் எரித்து வழியனுப்பிய பிறகு வரட்டும் என்று உனக்கு எழுதும்படி வீட்டில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். படித்தவர் நீங்கள், மனது நோகாமல் எழுதுவீர்கள் என்றாள் உன் அம்மா. மனது நோகாமல் இதை எப்படி எழுதுவதென்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

உன் அம்மாவைக் கோபித்துக்கொள்வதற்கு முன் முழுக்கக் கேள். போன புத்தாண்டுக்கு, ஆண்டு முழுவதற்கும் ராசி சேர்க்கும் முதல் காலடியை வைக்க வழக்கம்போல எதிர்க்கரை வொங் மாமாவைத்தான் அழைத்திருந்தோம். அவரை உனக்குத் தெரியும், வீடு நிறையப் பேரப்பிள்ளைகள், எப்போதும் சிரித்த முகம், பிறந்த ஆண்டும் நம் வீட்டுக்கு ஒத்துவரும். அன்று காலை அவர் வருவதற்கு முன், நாம் பயணிகளுக்கு விடும் அறையில் தங்கியிருந்த வெளிநாட்டு இளைஞன் ஒருவன், முவா மலையில் சூரிய உதயம் பார்க்கப் போனவன், தூறலில் சூரியனைப் பார்க்காமலே திரும்பி வந்து சேற்றுக் காலோடு நேராக முன்கூடத்துக்குள் நுழைந்து காபி கிடைக்குமா என்று கேட்டான். அம்மா முன்னோர் பீடத்துக்கு முன்னால் ஊதுவத்தியோடு நின்றிருந்தாள், கையிலிருந்த வத்தி கீழே விழுந்தது. அவன் எந்த ஆண்டில் பிறந்தவன், அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை, ஒன்றும் தெரியாது. டாத் காபி போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் வொங் மாமா வந்து பார்த்துவிட்டு, "என் வேலையை வெள்ளைக்காரன் பார்த்துட்டானா, அப்போ பிள்ளைகளுக்குச் சிவப்பு உறைப் பணமும் அவனே கொடுக்கட்டும்" என்று சிரித்தார். அவர் ஒருவர்தான் சிரித்தார். மூன்றாம் மாதத்தில் லுவாவின் வயிற்றில் இருந்தது தங்காமல் போயிற்று. ஏழாம் மாதத்தில் ராதிம் போனார். இவற்றை யாரும் அந்தக் காலடியோடு சேர்த்துப் பேசியதில்லை, பேசாமலே சேர்ந்துவிட்டது. இப்போது லுவாவுக்கு மறுபடியும் வயிறு தெரிகிறது, இரண்டாம் மாதத்தில் பிறக்கும் என்கிறார்கள். முன்பு அவள் படியிறங்கும்போது யாரும் பார்த்ததில்லை, இப்போது அவள் எந்தப் படியில் கால் வைத்தாலும் வீட்டில் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறோம். வொங் மாமாவிடம் அம்மா இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், அவர் "இந்தத் தடவை எவனாவது முந்தினா காலைத் தட்டி விட்டுட்டு உள்ள வருவேன், நீ கவலைப்படாதே தோவா" என்றாராம்.

டாத் உனக்காகப் பேசிப் பார்த்தான், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான், "அம்மா, அத்தான் வெளிநாட்டுக்காரர், அவங்க நாட்டுல இந்த மாதிரி துக்கக் கணக்கெல்லாம் கிடையாது, அதனால அக்காவுக்கும் அது ஒட்டாதுன்னு நினைக்கிறேன்" என்றான். அம்மா குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "உயிரோட இருந்தப்ப என் வீட்டு மாப்பிள்ளை, செத்த பிறகு வெளிநாட்டுக்காரனா? ஆத்துல காலால துடுப்புப் போடுறேன்னு படகுல ஏறிக் குப்புற விழுந்து, தலையில பாசியோட எழுந்து நின்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டானே, அப்ப நீ கரையில நின்னு கைகொட்டிச் சிரிச்ச. அவனுக்குத் துக்கம் கிடையாதுன்னு உன் வாயால சொல்லாதே" என்றாள். டாத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது பெரிய குழப்பமாகிவிட்டது. உன்னை வர வேண்டாம் என்று சொல்வதும், ராதிமை விட்டுக்கொடுக்காததும் அவளுக்கு ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது போலிருக்கிறது.

வீட்டுச் சேதி மற்றவை வழக்கம்போல. குளிர்காலம், தூறல் நிற்கவே இல்லை, குன்றுகள் பாதி உயரத்துக்குமேல் தெரிவதில்லை, ஆடுகள் மட்டும் எப்படியோ மேலே போய் நின்று கத்துகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் கைபேசியில் பொன்னிறமாக வயல் விளைந்திருக்கும் படத்தைக் காட்டி இது எங்கே என்று கேட்கிறார்கள். "வயல் லீவுல போயிருக்கு, அஞ்சாம் மாசம் வரும்" என்கிறான் டாத், சிலர் சிரிக்கிறார்கள், சிலர் உண்மையாகவே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். படகுத்துறையில் நம் வீட்டு முறை வரும்போது அம்மாதான் இன்னும் படகை எடுக்கிறாள், முழங்கால் வலிக்குமே என்று நான் சொன்னால் கையால் தள்ளினால்தானே தோள் வலிக்கும், காலால் தள்ளுகிறேன், முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன், இது ஒரு வேலையா என்கிறாள். புத்தாண்டு நாட்களுக்கு நம் நாலு அறையும் இப்போதே நிறைந்துவிட்டன, நம் புத்தாண்டைப் பார்க்க வேண்டுமென்றே வருகிறார்கள். மதகு ஓரத்து அறையில் முன்பு நீ படுப்பாயே, அதில் பிரான்சிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. டாத் அவர்கள் கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறான், காலைச் சாப்பாட்டில் முட்டை வேண்டுமா என்று கேட்கிறான், உங்கள் வீட்டில் இந்த ஆண்டு யாராவது இறந்தார்களா என்று யாரிடமும் கேட்டதில்லை. முதல் நாள் காலையில் வொங் மாமா வந்துபோகும் வரை அறைக் கதவைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லப்போகிறானாம். இதை நான் அம்மாவிடம் சொல்லிக் காட்டலாமா என்று பலமுறை நினைத்தேன், வாதத்தில் ஜெயித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது, சொல்லவில்லை.

அப்புறம் ஹில்டா என்று ஒரு பெண்மணி வந்தார், நார்வேக்காரர், என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு, தனியாக வந்திருந்தார். அம்மா அவரைப் படகில் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று குகைகளையும் தாண்டித் திரும்ப வேண்டும் அல்லவா, முதல் குகைக்கு முன்னாலேயே அந்தப் பெண்மணி பையிலிருந்து ஓர் ஆண்பிள்ளையின் கம்பளித் தொப்பியை எடுத்து எதிர்ப்பலகையில் வைத்தாராம். அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் காட்டி, தன் மோதிரத்தைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடி, பிறகு மேலே காட்டினாராம். அம்மாவுக்கு அதற்குமேல் மொழி வேண்டியிருக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்தத் தொப்பி அவள் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்திருந்தது, குகைக்குள் இருட்டிலும் அது இருக்கிறது என்று தெரிந்தது என்றாள். கரைக்கு வந்ததும் அந்தப் பெண்மணி இறங்கிப் பாதையில் நடந்துவிட்டார். அம்மா துறையிலேயே பழைய செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்தி, வியாபாரிகள் கெட்ட போணி அமைந்தால் அந்த ராசியை விரட்டச் செய்வார்களே, அந்த மாதிரி நெருப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்ட ஆரம்பித்தாள். லுவாவின் வயிற்றை நினைத்துக்கொண்டுதான் தாண்டினேன் என்றாள். நான் அப்போது துறையில் மிதவைச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

புகையைப் பார்த்து அந்தப் பெண்மணி திரும்பி வந்துவிட்டார். இது என்ன என்று துறையில் நின்ற டாத்தைக் கேட்டார். டாத் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு பயணம் போகிறவர்களுக்கு நல்லது நடக்கச் செய்யும் எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிவைத்தான். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. தொப்பியைப் பையிலிருந்து எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார், கால்சட்டையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அம்மா தாண்டிய அதே நெருப்பைத் தாண்டினார், அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மறுபடி தாண்டினார், பிறகு கைபேசியை என்னிடம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. படத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், உன் அம்மா அவர் கைக்குள் மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாள். போகும்போது அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு, இந்த நாட்டில் நான் பார்த்ததிலேயே இதுதான் மறக்க முடியாதது என்று சொல்லச் சொன்னாராம். டாத் அதை மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் என்னிடம்தான் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா சமையல் கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் தண்டு கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே பேசினாள். "அவளை விரட்டத்தான் கொளுத்தினேன். அவ சிரிச்சுக்கிட்டே வந்து என்கூட சேர்ந்து தாண்டுறா. அவளுக்குத் தெரியாது, அதனால தப்பிச்சேன். மியென் இந்த ஊர்ல பிறந்தவ, அவளுக்குத் தெரியும். அவ முதல் நாள் வந்து வாசல்ல நின்னா நான் தாளைக் கொளுத்த மாட்டேன், கொளுத்தவே மாட்டேன், ஆனா என் மூஞ்சி கொளுத்திரும். பெத்த பொண்ணு அதைப் பார்க்கணுமா? பார்த்துட்டு அவ மறுபடி விமானம் ஏறிப் போகணுமா? சொல்லுங்க, நீங்கதான் படிச்சவராச்சே" என்றாள். நான் கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன், கடைசியில் இலையையும் கிள்ளிப் போட்டுவிட்டேன், "அதையாவது விட்டு வையுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். மியென், உன் அம்மா உன்னை வர வேண்டாம் என்பது உன்னால் கெடுதல் வரும் என்பதற்காக மட்டும் இல்லை. தன் பயம் உன் கண்ணில் படும் என்பதற்காகவும்தான். இதை அவள் உனக்கு எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் லுவாவுக்காகப் பேசுகிறோம், லுவாவை யாரும் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மருமகளிடம் போய் இந்தப் பேச்சை எடுக்க எனக்குக் கூச்சம், நாள் தள்ளிக்கொண்டே போனேன், அவள் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளப் போகிற மாதிரி போய்க் கேட்டேன். அவள் விரிப்பை உதறிப் போட்டுவிட்டு, "மாமா, எனக்கு பயமில்லைன்னு சொன்னா பொய். ராத்திரி தூக்கம் வரலைன்னா வயித்துல கைய வச்சுக்கிட்டு அசையுதான்னு பார்த்துக்கிட்டே கிடக்குறேன். அக்காவால எதுவும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏதாவது ஆயிட்டா, அக்கா வந்ததாலதான்னு இந்த வீட்ல எல்லாரும் நினைப்பாங்க. நானும் நினைப்பேன். வாயால சொல்ல மாட்டேன், ஆனா நினைப்பேன். அப்படி நினைக்கிறவளா நான் ஆகக்கூடாது மாமா. அக்கா எனக்குக் கல்யாணத்துக்குப் போட்டுவிட்ட வளையல் இன்னும் கையில கிடக்கு" என்றாள். பிறகு "நீங்க பிடிச்சிருக்கிற முனை தரையில புரளுது" என்றாள். நல்ல பெண், மியென். உண்மையைச் சொன்னாள். பயப்படாதே என்று அவளுக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது, எனக்கே பயம்தான். முன்கூடத்தில் உட்கார்ந்து, இந்த வழக்கத்துக்கு ஆதாரம் ஒன்றுமில்லை என்று எனக்குள் நிரூபித்துவிடுகிறேன், எழுந்து நிற்கும்போது லுவா மாடிப்படியில் இறங்குகிறாள், நிரூபித்ததெல்லாம் போய்விடுகிறது.

ஆகவே நான் இப்படி யோசித்தேன், சரியா தவறா என்று நீதான் சொல்ல வேண்டும். உன்னை இந்த வீட்டுக்குள் அந்த மூன்று நாளும் கொண்டுவர என்னால் முடியாது. முடியும், பிடிவாதம் பிடித்தால் அம்மா ஒத்துக்கொள்வாள், ஆனால் நீ உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னைப் பிர்னோவில் தனியாக விடவும் முடியாது. அப்படியானால் வீடு அசையாது, நீ உள்ளே வர முடியாது, அசையக்கூடியது நான் ஒருவன்தான். இவ்வளவு சின்ன விஷயம் தெரிய இவ்வளவு நாள் பிடித்தது. நான் வீட்டில் இல்லாமல் உன்னோடு இருந்தால் என்ன? பயணிகளிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை என்று நம் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேனே, நீயும் நானும் பயணிகளாகிவிட்டால் என்ன? பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த அத்தனை ஆண்டும் பழைய தலைநகரமான ஹுவேயை வரைபடத்தில் குச்சியால் தட்டித் தட்டிக் காட்டியவன் நான், ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, அரச சமாதிகள் எந்தக் கரையில் இருக்கின்றன என்று கரும்பலகையில் வரையச் சொன்னால் இன்றும் வரைவேன், ஒருமுறையும் போனதில்லை. வின் நகரத்துக்குத் தெற்கே நான் கால் வைத்ததே இல்லை என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

ஹுவேக்கு டிக்கெட் எடுக்க நின் பின் ரயில் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். டாத் கைபேசியிலேயே எடுத்துத் தருவான், ஆனால் அவனிடம் கேட்டால் அது அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் விவாதமாகிவிடும், விவாதத்தில் நான் எப்போதும் இறங்கிப்போய்விடுவேன். வரிசையில் நின்றபோது இரண்டு தடவை பின்னாலிருந்தவரை முன்னால் போகச் சொன்னேன். சாளரத்தில் இருந்த பெண் "தாத்தா, எல்லாரும் டெட்டுக்கு வீட்டுக்குப் போறாங்க, நீங்க வீட்டை விட்டுப் போறீங்களா? திரும்பக் கொடுத்தா பணம் வராது, பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னபோது என்ன நடந்தது என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் டாத் சிரித்துவிட்டான், "அப்பா ஓடிப்போறாரும்மா, அதுவும் டிக்கெட் எடுத்துக்கிட்டு ஓடிப்போறார்" என்றான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அம்மா நம்பவில்லை. டிக்கெட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "புத்தி பேதலிச்சுப் போச்சா? குடும்பத் தலைவன் புத்தாண்டுக்கு வீட்ல இல்லாம ரயில்ல உக்காந்திருக்கிறதை இந்த ஊரு பார்த்திருக்கா? முன்னோருக்கு யாரு வத்தி ஏத்துவா? வந்து விசாரிக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்வேன், பொண்டாட்டி துரத்திட்டான்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வத்தியை டாத் ஏற்றுவான் என்றேன். அவனுக்கு மந்திரம் தெரியாதே என்றாள். டாத் கைபேசியைத் தூக்கிக் காட்டினான், "முன்னோர் உன் கைபேசிக்குள்ளயா இருக்காங்க" என்று ஒரு திட்டு வாங்கிக்கொண்டான். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். வழக்கம்போல சரி உன் இஷ்டம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை, அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் கம்பளிச் சட்டையைத் துவைத்து வெயில் இல்லாத நாளில் அடுப்பின் மேல் பிடித்துக் காயவைத்தாள். "ஹுவேல குளிர்காலத்துல மழை நிக்காதாமே, பிரெஞ்சுக்காரன் மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு போய் நனைஞ்சு வராதீங்க" என்றாள். இலையில் அரிசிப் பலகாரம் கட்டும்போது உங்கள் இருவருக்கும் சின்னதாகத் தனியே கட்டித் தருகிறேன், பெரியதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்றும் சொன்னாள்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஹுவேயில் விடுதி வைத்திருப்பவரும் நம்மைப்போன்ற மனிதர்தானே, அவர் வீட்டிலும் பிள்ளை பெறப்போகிறவள் இருக்கலாம். டாத் அவரோடு பேசியபோது எத்தனை பேர், காலைச் சாப்பாடு வேண்டுமா என்று மட்டும்தான் கேட்டாராம். கேட்கவில்லை என்பதற்காக நாம் அவர் தலையில் நம் துக்கத்தைக் கொண்டுபோய் இறக்கக்கூடாது. அதனால் ஆண்டு பிறப்பதற்கு முன்னாலேயே உள்ளே போய்விடுவோம். முதல் நாள் காலையில் அவர்களுடைய முதல் காலடிக்காரர் வந்து போகும் வரை அறையை விட்டு இறங்க வேண்டாம், மாடத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் வந்து போனது தெரிந்த பிறகு இறங்கி ஆற்றோரம் நடக்கலாம். உனக்கு அழ வேண்டுமென்றால் அழலாம், யாரும் புத்தாண்டில் அழாதே என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். நான் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை என்று உனக்குத் தெரியும். கோட்டையைப் பார்க்கப் போவோம், நான் உனக்கு அதிகம் விளக்கிச் சொல்லாமல் இருக்க முயற்சி செய்வேன். நான்காம் நாள் ரயிலேறிச் சேர்ந்து வீட்டுக்கு வருவோம். பின்பக்கத் துறை வழியாகச் சமையல் கட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்கும் என்று டாத் கேட்டான். முன்வாசல் வழியாகத்தான் என்றேன். அம்மா அங்கேதான் இருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழந்தை நல்லபடி பிறந்தால் நீ மூன்று நாள் தள்ளி வந்ததால்தான் என்பார்கள். வேறு விதமாக நடந்தால், வாய் கூசுகிறது, நான்காம் நாள்கூட வந்திருக்கக்கூடாது என்பார்கள். எப்படி நடந்தாலும் ஒரு காரணம் சொல்வார்கள், ஒருவேளை நானும் எனக்குள் சொல்லிக்கொள்வேன், என்னை நான் அவ்வளவு நம்பவில்லை. அதனால்தான் அதற்கெல்லாம் முன்னால் உன்னைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நல்ல நாள் எது என்று காத்திருந்தால் இந்த வீட்டில் அது வராது மியென். வராதே என்று எழுதச் சொன்னார்கள், வா என்று எழுதுகிறேன்.

ஹனோயில் இறங்கி வெளியே வராமல் அங்கிருந்தே ஹுவேக்கு விமானம் பிடித்துவிடு, நீ சொல்லும் தேதிக்கு டாத் அதைப் பார்த்துத் தருவான். நான் முந்தின நாளே அங்கே போய்விடுவேன். விமான நிலையத்தில் நீ என்னைத் தேட வேண்டாம், வெளியே வரும் வழியில் நேர் எதிரே நிற்பேன், கூட்டம் இடித்தாலும் நகர மாட்டேன். எல்லோருக்கும் சாமான் வாங்கிச் சுமந்துகொண்டு வராதே, லுவாவுக்குக் குளிர் காலுறை ஒன்று போதும். இடையில் சாப்பிடாமல் இருக்காதே, பனியில் நடக்கும்போது கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நடக்காதே, வழுக்கினால் ஊன்றக் கை வேண்டும். நம் முன்னோர் எல்லோரும் உனக்குத் துணையாக இருக்கட்டும், உன் உடம்பு தேறட்டும், தூக்கம் வரட்டும், நீ வைக்கும் ஒவ்வொரு காலடியும் உன்னை நல்ல இடத்துக்கே கொண்டு சேர்க்கட்டும்.

உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அம்மா வந்து என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். படித்துக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம், ஒன்று மட்டும் கடைசியில் சேர்த்துவிடுங்கள் என்றாள். ராதிமின் படம் ஒன்று கொண்டுவரச் சொல்கிறாள், அவர் தனியாக நிற்கிற படமாக. நம்மிடம் இருப்பதில் எல்லாம் நீயும் பக்கத்தில் நிற்கிறாய், உயிரோடு இருப்பவர்கள் இருக்கிற படத்தை முன்னோர் பீடத்தில் வைக்கக்கூடாது. மறந்துவிடாதே.

உன் அப்பா,
டாங் கியெம்